உழவர் சந்தையை நம்பிச் சமைப்பவரின் மதிப்பீடு

இன்றைக்கு என்ன குழம்பு வைப்பது என்ற கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்தபடி விடை தேடாமல், காலையில் பையோடு போய் அங்கே குவிந்து கிடப்பதைப் பார்த்து முடிவு செய்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் உழவர் சந்தையைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. தென்மாவட்டங்களின் சில ஊர்ச் சந்தைகளில் நெடுங்காலமாகக் காய் வாங்கி, அந்தக் காயை நம்பியே அன்றாடம் சமைக்கிற ஒருத்தியின் மதிப்பீடாக இதை எழுதுகிறேன். உழவர் சந்தையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விலை மலிவு என்ற ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மலிவு என்பது உண்மைதான். ஆனால் அடுப்படியிலிருந்து பார்த்தால் அந்தச் சந்தையின் பெரும்பயன் வேறொன்று. எந்த மாதத்தில் எது நன்றாக விளைகிறதோ அதை உடம்புக்கும் மனத்துக்கும் இதமான எளிய சாப்பாடாக ஆக்குவதற்கு வேண்டிய செய்தி, பொருள் இரண்டையும் அது ஒரே இடத்தில் தருகிறது.

முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் ரைத்து பஜார் என்ற பெயரிலும், அதற்கும் முன்பே பஞ்சாபிலும் அரியானாவிலும் அப்னி மண்டி என்ற பெயரிலும் இத்தகைய சந்தைகள் நடக்கத் தொடங்கியிருந்தன. விளைவிப்பவரும் வாங்குபவரும் இடையில் தரகரின்றி நேருக்கு நேர் சந்திக்க வேண்டும் என்பதே எல்லாவற்றுக்கும் பொதுவான நோக்கம். தமிழ்நாட்டில் வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை இவற்றை நடத்துகிறது. நிலத்தையும் பயிரையும் சரிபார்த்த பிறகு உழவருக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை தரப்படுகிறது. அந்த அட்டை உள்ளவருக்குக் கடைக்கு வாடகை இல்லை, தராசுக்குக் கட்டணம் இல்லை. 2001இல் ஆட்சி மாறிய பிறகு பல சந்தைகள் கவனிப்பாரின்றிக் களையிழந்தன. 2006க்குப் பின் மீண்டும் உயிர் பெற்றன. 2021இல் தாக்கலான மாநிலத்தின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையிலும் பழைய சந்தைகளைப் புதுப்பிப்பதற்கும் புதியன தொடங்குவதற்கும் அறிவிப்புகள் வந்தன. அரசியல் மாற்றங்களுக்கு நடுவே கால் நூற்றாண்டு கடந்தும் ஒரு சேவை மக்களின் பழக்கத்தால் நிலைத்திருப்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தருகிறது.

இந்தச் சந்தையில் நான் மிகவும் மதிக்கும் பொருள் நுழைவாயிலுக்கு அருகே இருக்கும் விலைப்பலகை. மொத்தச் சந்தையின் அன்றைய விலையையும் வெளிக்கடைகளின் சில்லறை விலையையும் விசாரித்து, மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவும் அமையும்படி ஒவ்வொரு நாளும் காலையில் விலை தீர்மானிக்கப்பட்டு, அதில் எழுதப்படுகிறது. உழவர் அந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது. பேரம் பேசத் தேவையில்லை என்பது ஒரு நன்மை. சமைப்பவருக்கோ அந்தப் பலகை அதைவிடப் பெரிய உதவி செய்கிறது. நேற்றுவரை கிலோ அறுபதுக்கு நின்ற காய் இன்றைக்கு நாற்பதுக்கும் அடுத்த வாரம் இருபத்தைந்துக்கும் இறங்குமானால், சுற்று வட்டாரத்துத் தோட்டங்களில் அதன் பருவம் வந்துவிட்டது என்று பொருள். விலை இறங்கும் நாட்களில்தான் அந்தக் காய் பிஞ்சாகவும், அன்று காலையில் பறித்ததாகவும், அதற்குரிய முழு மணத்தோடும் கிடைக்கிறது. ஆகவே பலகையில் எது கீழே இறங்கியிருக்கிறது என்று முதலில் படித்துவிட்டு, பிறகு கடைகளைச் சுற்றி வந்து, அதன் பிறகே சமையலை முடிவு செய்வது என் வழக்கம்.

குளிரூட்டிய பெரிய கடைகளிலும் கைபேசிச் செயலிகளிலும் இந்த வசதி இல்லை. அங்கே பன்னிரண்டு மாதமும் ஒரே பட்டியல்தான். கார்த்திகையில் முருங்கைக்காயும் ஆடியில் மொச்சையும் கேட்டால்கூட எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் அதற்கு உரிய சுவை இருக்காது. தெருவில் வரும் தள்ளுவண்டிக்காரர் பலருக்கும் பெரிய துணை என்பதை நான் மறுக்கவில்லை. வாசலிலேயே கிடைப்பதால் முதியவர்களுக்கு அவரே சந்தை. இருந்தாலும் அவர் மொத்தச் சந்தையில் எடுத்து வந்த பத்துக் காய்களுக்குள்தான் நம் சமையல் அடங்க வேண்டியிருக்கிறது. விளைவித்தவரே விற்கும் இடத்தில், ஒரு கூடை மட்டும் காய்த்த பழுபாகல், வேலியோரத்தில் படர்ந்த தூதுவளை, வீட்டுக் கொல்லையில் பூத்த வாழைப்பூ என்று எந்த வியாபாரியும் பொருட்படுத்தாத சிறு விளைச்சல்களும் விற்பனைக்கு வருகின்றன.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது பச்சை மொச்சை. ஆடிப்பட்டத்தில் விதைத்த பழைய நாட்டு மொச்சை, எவ்வளவு செழித்து வளர்ந்தாலும் பகல் நீண்டிருக்கும் வரை பூக்காது. ஐப்பசி, கார்த்திகையில் பகல் குறுகிய பிறகே பூவெடுத்து, மார்கழியிலும் தையிலும் காய்க்கும். பனி இறங்கும் நாட்களில் மொச்சைக்காயின் தோல் மேல் கசியும் எண்ணெய் விரலில் ஒட்டிக்கொள்ளும். அதன் மணம் சந்தைக்குள் நுழையும்போதே தெரியும், கை கழுவிய பின்னும் போகாது. அந்த மணம் இல்லாத மொச்சையை நான் வாங்குவதில்லை. மார்கழிக் காலையொன்றில் சாக்கை விரித்து மொச்சையைக் குவித்து உட்கார்ந்திருந்த மூதாட்டி, நான் காய்களைப் பொறுக்கத் தொடங்கியதும், "குழம்புக்கா, பொரியலுக்கா தாயி?" என்று கேட்டார். குழம்புக்கு என்றேன். உடனே ஒரு காயைப் பிதுக்கிப் பருப்பை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "தோலு தடிச்சு, பருப்பு குண்டா இருக்கறதை எடு. பிஞ்சு கரைஞ்சு போயிரும்" என்று சொல்லி, எனக்காகத் தாமே தெரிந்தெடுத்துத் தராசில் போட்டார். எந்தப் பொருளை எதற்கு வாங்க வேண்டும் என்று விற்பவரே சொல்லித் தரும் இந்தச் சேவைக்கு எந்தப் பலகையிலும் விலை எழுதப்படுவதில்லை.

அந்த மொச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்து உரித்தால் எடையில் பாதிக்கும் குறைவாகவே பருப்பு தேறும் என்பதைக் கணக்கில் கொண்டு வாங்க வேண்டும். உரித்த பருப்பைத் தண்ணீரில் ஊறவைத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துப் பிதுக்கினால் மேல்தோல் கழன்று, வெளிர்பச்சையான பிதுக்கம்பருப்பு வெளியே வரும். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தால் விரைவில் முடியும் வேலை இது. நல்லெண்ணெயில் கடுகும் வெந்தயமும் தாளித்து, சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நன்றாக வதக்கி, நாட்டுக் கத்தரிக்காயை நான்காகக் கீறிப் போட்டு, மஞ்சள்தூளும் குழம்புத்தூளும் சேர்த்து, பருப்பு மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு மூடிவைக்க வேண்டும். பருப்பு மலர்ந்த பிறகே புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றிவிட்டால் பருப்பு வேகாமல் விறைத்து நிற்கும். இறுதியில் தேங்காயும் சிறிது சோம்பும் அரைத்து விட்டு, எண்ணெய் மேலே பிரியும்போது இறக்கினால், அன்றைக்கு அப்பளமும் தேவையில்லை. மறுநாள் காலையில் மீந்த குழம்பைச் சுண்டவைத்து இட்லிக்குத் தொட்டுக்கொள்வது அதைவிடச் சிறப்பு.

பொங்கல் நெருங்கும் வாரம்தான் உழவர் சந்தையை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் போக வேண்டிய வாரம். அவரை, மொச்சை, கத்தரி, பூசணி, பரங்கி, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு, பனங்கிழங்கு, மஞ்சள் கொத்து என்று வாசல்வரை நிறைந்திருக்கும். அந்த நாட்களில் தென்மாவட்ட வீடுகளில் வைக்கும் பல காய்க் குழம்பில் கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் இடம் இல்லை. அப்போது விளையும் நாட்டுக் காய்களே அதற்குப் போதும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வேகவைத்தால் பூசணி கரைந்து சேனை அரைவேக்காடாக நிற்கும். ஆகவே சேனையையும் மொச்சையையும் முதலில் வேகவிட்டு, பாதி வெந்ததும் வாழைக்காயையும் சர்க்கரைவள்ளியையும் போட்டு, அடுத்து அவரையையும் கத்தரியையும் சேர்த்து, கடைசியாகப் பரங்கியையும் பூசணியையும் போட வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்தில் திருவாதிரைக் களிக்குத் தாளகம் என்ற பல காய்க் குழம்பை வைப்பவர்கள் மிளகாய் வற்றல், அரிசி, எள், தேங்காய் ஆகியவற்றை வறுத்து அரைத்துச் சேர்ப்பார்கள். அந்த எள்ளின் மணம் கிழங்குகளோடு மிக நன்றாக இசையும். சிறுகிழங்கைப் பற்றித் தனியாக ஒரு சொல் சொல்ல வேண்டும். மண்ணோடு வரும் அந்தக் கிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்தால் தோல் எளிதில் உரியும். உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, மிளகாய், சீரகம், பூண்டு தட்டிப் போட்டுப் பிரட்டினால், உருளைக்கிழங்கில் கிடைக்காத மண்வாசம் அதில் இருக்கும். அது கிடைக்கும் காலம் குறுகியது என்பதால் கண்ணில் பட்டதும் வாங்கிவிட வேண்டும்.

மாசியும் பங்குனியும் பலர் கவனிக்காத மாதங்கள். வெயில் ஏறத் தொடங்கி, மழை பெய்யாமல், கத்தரி, கொத்தவரை, சுண்டைக்காய் ஆகியவை மலிந்து விலை அடிமட்டத்துக்கு இறங்கும் நாட்கள் சில இந்த மாதங்களில் வரும். அந்த விலை, வற்றல் போடு என்று நமக்குச் சொல்லும் செய்தி. கத்தரிக்காயை நீளவாக்கில் நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் ஒரு கொதி விட்டு வடித்து, மொட்டை மாடியில் துணி விரித்து, உடைத்தால் ஒடியும் பதம் வரும் வரை காயவைக்க வேண்டும். கொத்தவரங்காயும் அப்படியே. சுண்டைக்காயை மட்டும் இலேசாகத் தட்டி, உப்புப் போட்ட மோரில் இரவெல்லாம் ஊறவைத்து, பகலில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் வற்றும்வரை தொடர வேண்டும். மழைக்காலத்தில் காய் விலை எகிறும்போது இந்த வற்றலைப் போட்டு வைக்கும் குழம்பும் சுட்ட அப்பளமும் சூடான சோறும் எந்த விருந்துக்கும் குறைந்தவை அல்ல. பருவத்தைப் பின்பற்றிச் சமைப்பதென்றால் அந்தந்த மாதத்தில் கிடைப்பதை அந்தந்த மாதத்திலேயே தின்று தீர்ப்பது மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். மிகுந்து விளையும் காலத்தில் எடுத்து வைப்பதும் அதில் அடக்கம். அதற்கு மொத்தமாகவும் மலிவாகவும் வாங்கும் வாய்ப்பை உழவர் சந்தை தருகிறது. மாவடு வருவதும் இந்த நாட்களில்தான். காம்பு ஒட்டியிருக்கும், கையில் எடுத்தால் கெட்டியாக இருக்கும் உருண்டை வடுவைப் பார்த்து வாங்கி, அன்றைக்கே உப்பில் போட்டுவிட வேண்டும்; ஒரு நாள் தாமதித்தாலும் சதைப்பற்று தளர்ந்துவிடும்.

சித்திரைக்கு வேப்பம்பூவும் கிளிமூக்கு மாங்காயும் சந்தைக்குள் நுழைகின்றன. வருடப்பிறப்பன்று வைக்கும் மாங்காய்ப் பச்சடியில் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்வது எல்லோருக்கும் தெரிந்ததே. எனக்கு அதைவிடப் பிடித்தது வேப்பம்பூ ரசம். நெய்யில் பூவைக் கருகாமல் பொரித்து, பருப்பில்லாத புளிரசத்தின் மேல் கடைசியில் தூவினால், கசப்பு வயிற்றுக்கு இதமாக இறங்கும். இதே காலத்தில் முருங்கைக்காய் குவிகிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கை வகை வந்த பிறகு தென்மாவட்டங்களில் முருங்கைச் சாகுபடி பரவலாகி, கோடையில் கட்டுக்கட்டாக மலிவு விலைக்குக் கிடைக்கிறது. இதே காய் மழையும் பனியுமான மாதங்களில் பூ உதிர்ந்து, விளைச்சல் சுருங்கி, பல மடங்கு விலைக்கு ஏறும். அப்போது வாங்கிச் சாம்பாரில் இரண்டு துண்டு போட்டு ஏங்குவதைவிட, பங்குனி, சித்திரை, வைகாசியில் தாராளமாகச் சமைத்துவிட்டு மற்ற மாதங்களில் அதை மறந்திருப்பதே நல்லது என்பேன்.

வைகாசியில் பலாக்கொட்டையும் சேர்ந்துகொள்ளும்போது முருங்கைக்காய், மாங்காய், பலாக்கொட்டை ஆகிய மூன்றும் ஒன்று கூடும் குழம்பை வைக்காத வீடு ஒரு நல்ல சாப்பாட்டை இழக்கிறது. கொட்டையைத் தட்டி வெள்ளைத் தோலை நீக்கி, பழுப்புத் தோலைச் சுரண்டி, முதலில் அதை வேகவைத்துக்கொள்ள வேண்டும். செட்டிநாட்டு வழியில் மண்டி என்ற குழம்பாக வைப்பதானால் பருப்பே தேவையில்லை. அரிசி களைந்த இரண்டாவது தண்ணீர்தான் குழம்புக்கு உடல். சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய் ஆகியவற்றை வதக்கி, அந்தக் கழனியில் புளியைக் கரைத்து ஊற்றி, காய்களைப் போட்டுக் கொதிக்கவிட்டு, புளிப்பான மாங்காயாக இருந்தால் புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் கனமான உணவு இறங்காது என்பவர்களும் இதை ஊற்றி இன்னொரு கரண்டி சோறு சாப்பிடுவார்கள். இராமநாதபுரம் முண்டு மிளகாய் வற்றலும் இந்த மாதங்களில் புதிதாகக் கிடைக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த உருண்டை மிளகாய் இரண்டைக் கிள்ளிப் போட்டால் காரமும் நிறமும் சேர்ந்து வரும்.

ஆனியிலும் ஆடியிலும் காற்று வீசும்போது சந்தை சற்று மெலிந்திருக்கும். சுரை, பீர்க்கு, வெண்டை, சில கீரைகள் என்று சுருங்கிவிடும். பீர்க்கங்காய்த் தோலைத் துவையலாகவும் சதையைப் பருப்புக் கூட்டாகவும் வைத்தால் ஒரே காயில் இரு வேளை முடிந்துவிடும். கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் இந்த நாட்களுக்குப் போதும்.

மழைக்காலம்தான் உழவர் சந்தைக்குச் சோதனைக் காலம். ஐப்பசியில் தொடர்ந்து பெய்தால் கீரைப்பாத்திகள் அழுகும், தக்காளி வெடிக்கும், விலைப்பலகையில் எண்கள் ஏறிக்கொண்டே போகும். வாடிக்கையாளர் பலர் இந்த நாட்களில் சந்தையைக் கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கோ இந்த மாதங்களிலும் அங்கே போகத் தனிக் காரணங்கள் உண்டு. தூதுவளையும் முடக்கத்தானும் கட்டுக்கட்டாக வருவது அப்போதுதான். தூதுவளை இலையின் முட்களைக் கத்தரித்து நீக்கி, நெய்யில் வதக்கி, மிளகும் சீரகமும் பூண்டும் சேர்த்து அரைத்து ரசம் வைத்தால், சளி பிடித்திருக்கும் வீட்டில் எல்லோரும் டம்ளரில் வாங்கிக் குடிப்பார்கள். முடக்கத்தானை அரிசியோடும் உளுந்தோடும் அரைத்து ஊற்றும் தோசை, மழையில் கால் குடைச்சலோடு எழுந்திருக்கும் காலைகளுக்குப் பொருத்தமானது. கார்த்திகையில் பெருநெல்லி மலிவாக வரத் தொடங்கியதும் தேங்காயோடும் பச்சை மிளகாயோடும் அரைத்துத் தயிரில் கலக்கும் பச்சடி இருந்தால், தக்காளி விலை ஏறியதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. புளிப்புக்குத் தக்காளி ஒன்றுதான் வழி என்ற பழக்கத்தை அந்தச் சந்தை எங்கள் வீட்டில் மாற்றியிருக்கிறது.

காய்களின் தரத்தைப் பொறுத்தவரை நான் முழு மனத்தோடு பாராட்டுகிறேன். ஆனாலும் பார்த்து வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். கத்தரிக்காயின் காம்பு பச்சையாகவும் அதிலுள்ள முள் விரலைக் குத்தும்படியும் இருந்தால் அன்றைக்குப் பறித்தது. அளவில் பெரிதாயிருந்தும் கையில் இலேசாகத் தெரிந்தால் விதை குறைவு. முருங்கைக்காயை இரு கைகளாலும் பிடித்து மெல்ல முறுக்கும்போது வளைந்து கொடுக்க வேண்டும். விறைப்பாக நின்றால் நார் முற்றிவிட்டது. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது ஊரெங்கும் உள்ள பழக்கம் என்றாலும், ஒடித்துவிட்டு வாங்காமல் போனால் அந்தக் காயை வேறு யாரும் எடுக்கமாட்டார்கள். விளைவித்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது அது பெரும் மரியாதைக் குறைவு. நுனியை விரலால் இலேசாக வளைத்தாலே இளசா முற்றலா என்பது தெரிந்துவிடும். கீரையின் வேரில் ஈரமண் ஒட்டியிருப்பதைக் குறையாகக் கருத வேண்டாம். பிடுங்கி அதிக நேரமாகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

இனிக் குறைகள். முதலாவது, உழவர் அட்டையோடு வியாபாரிகள் உள்ளே நுழைவது. இது நெடுநாளாக எல்லோரும் பேசும் குறை. உண்மையான உழவர்களே வருத்தத்தோடு சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அடையாளம் காண்பது கடினம் அல்ல. ஒரே கடையில் பத்துப் பன்னிரண்டு வகைக் காய்கள், எல்லாம் ஒரே அளவில், மொத்தச் சந்தைச் சாக்குகளில் இருந்து கொட்டப்பட்டிருந்தால் அவர் விளைவித்தவராக இருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டு அல்லது மூன்று வகை மட்டும், சிறிதும் பெரிதுமாகக் கலந்து வைத்திருப்பவரிடமே நான் போய் நிற்பேன். மலைக்காய்கள் தொலைவிலிருந்து வர வேண்டியவை என்பதால் அவற்றுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது.

இரண்டாவது, விலைப்பலகை. நான் வாங்கப் போகும் சந்தைகளுள் ஒன்றில் முந்தைய நாள் விலையே காலை ஏழு மணி வரை மாற்றப்படாமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் கேட்டால் எழுதுகிறவர் இன்னும் வரவில்லை என்பார்கள். ஒரே காயில் முதல் தரத்துக்கும் கழிவுக்கும் ஒரே விலையை எழுதுவதும் சரியல்ல. முழுச் சந்தையின் நம்பகத்தன்மையும் அந்தப் பலகையில் இருப்பதால் இதைச் சிறு குறை என்று விட்டுவிட முடியாது. மூன்றாவது, உழவர் நேரடியாக விற்பதால் அது நஞ்சில்லாத காய் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த உறுதியை இந்தச் சந்தை தரவில்லை. கடைக்கு வரும் காயில் பூச்சிமருந்து எச்சத்தைச் சோதிக்கும் ஏற்பாட்டை நான் எங்கும் கண்டதில்லை. காலிஃபிளவரையும் பாகற்காயையும் வாங்கினால் மஞ்சளும் உப்பும் கலந்த வெதுவெதுப்பான நீரில் போட்டு எடுத்து, ஓடும் நீரில் நன்றாகக் கழுவிய பிறகே சமைக்க வேண்டும். யார் மருந்து அடிக்காமல் விளைவிக்கிறார் என்பதைத் தொடர்ந்து வாங்கும்போது பேச்சுக் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நான்காவதாக, நேரத்தைச் சொல்வேன். இதுவே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. விடியும் முன்பே களைகட்டும் சந்தை காலை பத்து, பதினொரு மணிக்குள் ஓய்ந்துவிடுகிறது. உழவர் வீடு திரும்பித் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடும் பெண்களுக்கு வாரநாட்களில் அங்கே போக வழியே இல்லை. பெரிய ஊர்களிலாவது வாரத்தில் ஒன்றிரண்டு மாலைகளில் கீரையும் கிழங்கும் விற்க ஏற்பாடு செய்தால், செயலிகளிடம் போய்விட்ட பல வீடுகள் திரும்பி வரும் என்று உறுதியாக நம்புகிறேன். மழைநாளில் ஒழுகும் கூரையையும் கடைகளுக்கு இடையே தேங்கும் சேற்றையும் சரிசெய்ய வேண்டியதும் அவசரமானது. தரையில் அமர்ந்து விற்கும் முதியவர்களுக்கு அது உடல்நலம் பற்றிய பிரச்சினை.

புதிதாகப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, முடிந்தால் வாரநாளொன்றில் ஆறு மணிக்குள் போவது நல்லது. துணிப்பை இரண்டும் கீரைக்கெனத் தனியாக ஒரு பழைய வேட்டித் துண்டும், பத்து இருபது ரூபாய்ச் சில்லறையும் கொண்டு போக வேண்டும். பல கடைகளில் கைபேசி வழியாகப் பணம் வாங்குகிறார்கள் என்றாலும் சிறு கீரைக்கட்டு விற்கும் மூதாட்டிகளிடம் சில்லறையே செல்லும். சமையல் பட்டியலை எழுதி எடுத்துச் செல்ல வேண்டாம். பலகையைப் படித்து, ஒரு சுற்று எதையும் வாங்காமல் நடந்து, எந்தக் காய் அதிகக் கடைகளில் குவிந்திருக்கிறது என்று பார்த்து, அதில் ஒன்றையும் அன்றைக்கு மட்டும் வந்திருக்கும் அரிய பொருள் ஒன்றையும் வாங்கினால் போதும். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் பெரும்பாலும் கொசுறாகவே கிடைத்துவிடும். விற்பவரிடம் அவர் வீட்டில் அதை எப்படிச் சமைப்பார்கள் என்று கேளுங்கள். எந்தச் சமையல் குறிப்பிலும் இல்லாத ஒரு வழியை அவர் சொல்லக்கூடும்.